ஸ்டேஷியா தீவு: வரலாறும் கட்டுக்கதையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டேஷியா எங்கே இருக்கிறது?

கரீபியன் கடலின் வடகிழக்கு ஓரத்தில், செயின்ட் கிட்ஸ் தீவுக்குப் பக்கத்தில். வரைபடத்தில் சின்ட் யூஸ்டேஷியஸ் என்று போட்டிருக்கும். அங்கே பிறந்தவர்கள் அவ்வளவு நீட்டிச் சொல்வதில்லை, ஸ்டேஷியாதான். மொத்தப் பரப்பு 21 சதுர கிலோமீட்டர், மூவாயிரத்துச் சொச்சம் பேர் வசிக்கிறார்கள். தெற்கே குவில் என்ற எரிமலை, வடக்கே குன்றுகள், நடுவில் சமதரை. இருக்கும் ஒரே ஊர் ஓரன்யஸ்டாட். செங்குத்துப் பாறையின் உச்சியில் மேலூர், அடியில் கடற்கரையை ஒட்டிக் கீழூர் என்று அது இரண்டாகக் கிடக்கிறது. கீழே வரும் கதைகளில் பாதி அந்தக் கீழூரில் நடந்தவை.

ஐரோப்பியர் வருவதற்கு முன்பு அங்கே யாராவது இருந்தார்களா?

இருந்தார்கள். விமான நிலையத்தை ஒட்டிய கோல்டன் ராக் என்ற இடத்தில், ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய ஊர் ஒன்றைத் தொல்லியலாளர்கள் கண்டுபிடித்தார்கள். பெரிய வட்ட வீடுகளின் மரத்தூண்கள் மக்கிப்போய், குழிகளின் தடம் மட்டும் மண்ணில் தங்கியிருந்தது. கொலம்பஸ் தன் இரண்டாவது பயணத்தில், 1493இல், இந்தப் பக்கமாகக் கடந்து போனார்.

தீவு 22 முறை கைமாறியது என்கிறார்களே, உண்மையா?

வழிகாட்டி நூல்கள் எல்லாவற்றிலும் இந்த 22 இருக்கிறது. மூன்று நாள் பிடித்து வைத்திருந்ததையும் கைமாற்றமாக எண்ணலாமா என்பதைப் பொறுத்து எண்ணிக்கை கூடும், குறையும். அடிக்கடி மாறியது என்பதில் சந்தேகம் இல்லை. 1629இல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு கோட்டை கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். 1636இல் நெதர்லாந்தின் ஸீலாண்டு பகுதியிலிருந்து வந்தவர்கள் அதே இடத்தில் ஓரன்யே கோட்டையை எழுப்பினார்கள். அப்புறம் டச்சு, ஆங்கிலேயர், பிரெஞ்சு என்று மாறி மாறி வந்து, 1816இல் டச்சுக்காரர் கையில் நிலைத்தது.

இதில் எனக்குப் பிடித்தது 1665ஆம் ஆண்டுச் சம்பவம். ஜமைக்காவிலிருந்து ஆங்கிலேயப் படையோடு வந்தவர் கர்னல் எட்வர்ட் மார்கன். பிரபல கடற்கொள்ளையர் ஹென்றி மார்கனின் சித்தப்பா முறை. வயதானவர், உடம்பும் கனம். வெயிலில் எதிரியைத் துரத்திக்கொண்டு ஓடியவர் அப்படியே விழுந்து செத்துப்போனார். தீவைப் பிடித்தாகிவிட்டது, பிடித்தவர்தான் இல்லை.

இவ்வளவு சின்னத் தீவுக்கு ஏன் இத்தனை போட்டி?

தீவில் விளைந்தது கொஞ்சம், நல்ல தண்ணீர் அதைவிடக் குறைவு. விலை மதிப்பு அங்கே கூடிய சந்தைக்குத்தான். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து, பிரான்ஸ், ஸ்பெயின் மூன்றும் தங்கள் குடியேற்றங்கள் தங்களோடு மட்டுமே வியாபாரம் செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தன. டச்சுக்காரர்கள் 1756இல் ஸ்டேஷியாவைச் சுங்கம் இல்லாத திறந்த துறைமுகமாக்கினார்கள். எந்த நாட்டுக் கப்பலும் வரலாம், எதையும் விற்கலாம், யாரும் துருவிக் கேட்கமாட்டார்கள்.

விளைவு, உச்ச காலத்தில் ஆண்டுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள் வந்து போயின. கீழூர்க் கடற்கரை நெடுக நூற்றுக்கணக்கான கிடங்குகள் தோளோடு தோள் நின்றன. கிடங்கு கட்டிய மஞ்சள் செங்கல் கூட நெதர்லாந்திலிருந்து கப்பலின் அடிப்பாரமாக வந்ததுதான். தீவில் விளைந்ததைவிடப் பல மடங்கு சர்க்கரை 'ஸ்டேஷியா சர்க்கரை' என்ற பெயரில் ஏற்றுமதியானது. அக்கம்பக்கத்து பிரெஞ்சு, ஆங்கிலேயத் தீவுகளில் வரிக்குத் தப்பிய சரக்கு அது. 'தங்கப் பாறை' என்ற பட்டப்பெயர் இப்படி வந்ததே.

1775 தொடக்கத்தில் ஜேனட் ஷா என்ற ஸ்காட்லாந்துப் பெண் இங்கே இறங்கி, கடைத்தெருவைப் பார்த்து வாய்பிளந்து எழுதிவைத்திருக்கிறார். ஒரு கடையில் சித்திர வேலைப்பட்டும் பூப்போட்ட மஸ்லினும் தொங்குகிறது. அடுத்த கடையில் வெள்ளிப் பாத்திரம். அதை ஒட்டியே இரும்புச் சட்டியும் மண்வாரியும். அவர் வாங்கியது பிரெஞ்சுக் கையுறையும் ஆங்கிலேயக் காலுறையும். அந்தக் காலுறை தன் ஊரைவிட இங்கே மலிவு என்கிறார். வரி இல்லாத ஊரின் ருசி அது.

அமெரிக்கர்கள் ஏன் இந்தத் தீவைக் கொண்டாடுகிறார்கள்?

இரண்டு காரணம், வெடிமருந்தும் ஒரு பீரங்கி மரியாதையும். விழாவுக்குக் கிடைத்தது இரண்டாவது. போருக்கு உதவியது முதலாவது.

1775இல் வட அமெரிக்கக் குடியேற்றங்கள் இங்கிலாந்தை எதிர்த்துக் கிளம்பியபோது அவர்களிடம் வெடிமருந்து இல்லை. ஐரோப்பாவிலிருந்து அது ஸ்டேஷியாவுக்கு வந்தது, அங்கிருந்து அமெரிக்கக் கப்பல்களில் ஏறியது. தேயிலைப் பெட்டியிலும் அரிசிப் பீப்பாயிலும் ஒளித்து அனுப்பினார்கள். லாபம் அப்படி இருந்ததால் டச்சு வியாபாரிகள் எந்தத் தடையையும் பொருட்படுத்தவில்லை. அமெரிக்கர்களின் தபாலும் இந்த வழியாகவே போனது. பிலடெல்பியாவில் இருந்த ஜோனஸ் பிலிப்ஸ் என்ற யூத வியாபாரி, 1776 ஜூலையில் சுதந்திரப் பிரகடனத்தின் அச்சுப் பிரதி ஒன்றை ஆம்ஸ்டர்டாமில் இருந்த உறவினருக்கு ஸ்டேஷியா வழியாக அனுப்பினார். கூடவே ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் ஒரு கடிதம். வழியில் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. கடிதத்தைப் படிக்கத் தெரியாமல் ரகசியக் குறியீடு என்று நினைத்தார்கள் என்பது பிற்பாடு சேர்ந்த சுவையான வால்.

பீரங்கி விஷயம் 1776 நவம்பர் 16 அன்று. அமெரிக்கப் போர்க்கப்பல் ஆண்ட்ரூ டோரியா, கேப்டன் ஐசாயா ராபின்சன் தலைமையில், பதின்மூன்று கோடுகள் போட்ட புதுக் கொடியோடு ஓரன்யே கோட்டைக்கு முன் வந்து மரியாதை வெடி போட்டது. கோட்டைத் தளபதி ஆபிரகாம் ராவனே பதில் வெடி போடலாமா என்று தயங்கினார். கவர்னர் ஜொஹானஸ் டி கிராஃப், போடு என்றார். கப்பல் 13 வெடி, கோட்டை 11 வெடி என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இரண்டு குறைத்தது சும்மா இல்லை. வணிகக் கப்பலுக்குப் பதில் சொல்லும்போது இரண்டு குறைப்பது வழக்கம்.

அப்படியானால் அமெரிக்காவை முதலில் அங்கீகரித்த நாடு நெதர்லாந்தா?

கோட்டையில் இருக்கும் பலகை கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்கிறது. 1939இல் அமெரிக்க ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கொடுத்த பலகை அது. விமான நிலையத்துக்கே அவர் பெயர்தான். ஆனால் பலகையின் வாசகத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். அமெரிக்காவின் 'தேசியக் கப்பல்' ஒன்றுக்கு வெளிநாட்டு 'அதிகாரி' ஒருவர் கொடுத்த முதல் அங்கீகாரம் என்கிறது. இந்த அடைமொழிகளுக்குக் காரணம் உண்டு. சில வாரங்களுக்கு முன்பே, டேனிஷ் ஆட்சியில் இருந்த செயின்ட் குரோய் தீவில் அமெரிக்க வணிகக் கப்பல் ஒன்றுக்கு வெடி மரியாதை நடந்ததாகச் சொல்கிறார்கள்.

இதைவிட வேடிக்கை டி கிராஃப் கொடுத்த விளக்கம். பக்கத்து செயின்ட் கிட்ஸிலிருந்து ஆங்கிலேய நிர்வாகி கிரெய்ஸ்டர் கிரேட்ஹெட் புகார் எழுதினார். லண்டன் கொதித்தது. டி கிராஃபை நெதர்லாந்துக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் சொன்னது, வந்து போகும் வணிகக் கப்பலுக்குக் கொடுக்கும் சாதாரண மரியாதைதான் கொடுத்தேன், யாரையும் அங்கீகரிக்கவில்லை என்பது. அதை ஏற்று மறுபடி தீவுக்கே அனுப்பிவிட்டார்கள். ஆக, அங்கீகாரம் கொடுத்ததாகப் பலகையில் பெயர் பொறித்திருக்கும் ஆளே அப்படி ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். தப்பிக்கச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா? அவரே பெரிய வியாபாரி, அமெரிக்கர்கள் நல்ல வாடிக்கையாளர்கள். இரண்டு பக்கமும் பகைக்காமல் பேசத் தெரிந்தவர் என்றே எனக்குப் படுகிறது. அமெரிக்கர்கள் நன்றி மறக்கவில்லை. அவர் உருவப்படம் இன்றும் நியூ ஹாம்ப்ஷயர் மாநில அரசு மாளிகையில் தொங்குகிறது.

ரோட்னி யார்? அவர் பெயரை எடுத்தாலே தீவில் முகம் சுளிக்கிறார்களே?

ஜார்ஜ் ரோட்னி, ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி. திறமைசாலி, சூதாடி, பெருங்கடன்காரர். கடன்காரர்களுக்குப் பயந்து கொஞ்ச காலம் பாரிஸில் ஒதுங்கியிருந்தவர், ஒரு பிரெஞ்சு மார்ஷல் கொடுத்த பணத்தில்தான் ஊர் திரும்பினார்.

1780 டிசம்பரில் இங்கிலாந்து நெதர்லாந்தின் மேல் போர் அறிவித்தது. அந்தச் செய்தி வந்து சேருவதற்கு முன்பே, 1781 பிப்ரவரி 3 அன்று, ரோட்னியும் ஜெனரல் வானும் பெரும் கடற்படையோடு ஸ்டேஷியா முன்னால் வந்து நின்றார்கள். கோட்டையில் சில டஜன் சிப்பாய்கள். பேருக்கு இரண்டு குண்டு சுட்டுவிட்டு டி கிராஃப் சரணடைந்தார். துறைமுகத்தில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் அப்படியே பிடிபட்டன. முன்னதாகக் கிளம்பிவிட்ட டச்சுக் கப்பல் கூட்டத்தைத் துரத்திப் பிடித்தார்கள். காவலுக்குப் போன தளபதி வில்லம் க்ருல் சண்டையில் இறந்தார்.

பிறகு ரோட்னி செய்தது அசல் தூண்டில் வேலை. கோட்டையில் டச்சுக் கொடியை இறக்காமல் ஒரு மாதம் பறக்கவிட்டார். விவரம் தெரியாமல் வந்த கப்பல்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்து மாட்டின.

சவப்பெட்டியில் தங்கம் கிடைத்தது உண்மையா?

தீவில் எல்லோரும் சொல்லும் கதை இது. ஊரில் சாவு திடீரென்று அதிகமாகிவிட்டது, தினமும் சவ ஊர்வலம். இவ்வளவு சின்ன ஊரில் இத்தனை பேர் எப்படிச் சாகிறார்கள் என்று ரோட்னிக்குச் சந்தேகம் வந்து, ஒரு சவப்பெட்டியைத் திறக்கச் சொன்னாராம். உள்ளே பிணம் இல்லை, வெள்ளியும் தங்கமும். பறிமுதலுக்குத் தப்ப வியாபாரிகள் சொத்தைக் கல்லறையில் புதைத்துக்கொண்டிருந்தார்கள்.

நடந்திருக்கலாம். சொத்தை ஒளிக்க அந்த ஊரில் வேறு இடமும் இல்லை. ஆனால் கதை ரொம்பக் கச்சிதமாக இருப்பதால் கொஞ்சம் தள்ளி நின்றே கேட்கிறேன். சவப்பெட்டிக் கதையில் வியாபாரி சாமர்த்தியசாலி, ரோட்னி அவனைவிடச் சாமர்த்தியசாலி, கேட்பவர் சிரித்துக்கொள்ளலாம். ஆவணங்களில் இருக்கும் சம்பவத்தில் சிரிக்க ஒன்றுமில்லை. ஊரில் இருந்த 101 யூத ஆண்களை ஓரிடத்தில் கூட்டி, உடைகளைக் கழற்றி, துணியின் உள்தையலைக் கிழித்துக் காசு தேடினார்கள். முப்பது பேரைக் குடும்பத்துக்குச் சொல்லக்கூட விடாமல் செயின்ட் கிட்ஸுக்கு நாடு கடத்தினார்கள். இதை இங்கிலாந்து நாடாளுமன்றத்திலேயே எட்மண்ட் பர்க் எழுந்து கண்டித்தார். அந்த யூதர்கள் 1739இல் கட்டிய ஹொனென் டாலிம் ஜெபக்கூடத்தின் மஞ்சள் செங்கல் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. கூரை இல்லை.

கொள்ளைப் பணம் ரோட்னிக்குச் சேர்ந்ததா?

பெரும்பகுதி சேரவில்லை. இங்கிலாந்துக்கு அனுப்பிய கப்பல்களை, கரைக்குக் கொஞ்ச தூரத்தில் பிரெஞ்சுத் தளபதி லா மோத் பிக்கே மடக்கிப் பிடித்துவிட்டார். ஸ்டேஷியாவில் சரக்கு வைத்திருந்த ஆங்கிலேய வியாபாரிகளும் ரோட்னி மேல் வழக்குப் போட்டார்கள். ஆம், சொந்த நாட்டுப் போரில் எதிரிக்கு விற்றவர்களில் அவர்களும் அடக்கம். 1781 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் தீவைப் பிடித்தார்கள். முன்னால் வந்த படை பிரான்சுக்காகச் சண்டை போட்ட ஐரிஷ்காரர்கள், அவர்கள் சீருடையும் சிவப்பு. தங்கள் ஆட்கள்தான் என்று நினைத்து ஆங்கிலேயக் காவற்படை ஏமாந்தது.

பறிமுதல் செய்த சரக்கை விற்கும் ஏலத்தில் ரோட்னி மூழ்கியிருந்த நேரத்தில்தான் பிரெஞ்சுக் கடற்படை மேற்கிந்தியக் கடலுக்குள் நுழைந்தது. அதே படைதான் பிறகு அமெரிக்க விடுதலைப் போரைத் தீர்மானித்த யார்க்டவுன் போரில் ஆங்கிலேயருக்குக் கடல் வழியை அடைத்தது.

தீவின் வாழ்வு ரோட்னியால்தான் முடிந்ததா?

இது பரவலான நம்பிக்கை, ஆனால் சரியில்லை. 1784இல் தீவு டச்சுக்காரரிடம் திரும்பியதும் வியாபாரம் மீண்டது. மக்கள்தொகை உச்சத்தைத் தொட்டதே 1790 வாக்கில், எட்டாயிரம் பேர். சரிவு 1795க்குப் பிறகு, பிரெஞ்சு ஆக்கிரமிப்போடும் புது வரிகளோடும் வந்தது. இன்னொன்று, சுதந்திரம் அடைந்த அமெரிக்கா எந்தத் துறைமுகத்திலும் நேராக வாங்கிக்கொள்ளலாம், கள்ளச் சந்தை எதற்கு? அமெரிக்காவுக்கு உதவிய தீவின் பிழைப்பை அமெரிக்கச் சுதந்திரமே கெடுத்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே ஆயிரம் பேர் அளவில்தான் மிஞ்சியிருந்தார்கள்.

இந்தத் தீவுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

ஒரு நேரடித் தொடர்பு உண்டு. ஸ்டேஷியாவை ரோட்னி பிடித்த அதே ஆங்கிலேய-டச்சுப் போரில்தான் நாகப்பட்டினம் டச்சுக்காரர் கையை விட்டுப் போனது, 1781 நவம்பரில். போர்த்துகீசியரிடமிருந்து 1658இல் அவர்கள் பிடித்த ஊர், சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம். சமாதானம் பேசியபோது ஸ்டேஷியா டச்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்தது, நாகப்பட்டினம் ஆங்கிலேயரிடமே தங்கியது.

நீல மணி என்பது என்ன? அது நம்மைத் தேடி வரும் என்கிறார்களே?

கோபால்ட் நீலத்தில், விரல் நுனி அளவில், ஐந்து பட்டை போட்ட கண்ணாடி மணி. நடுவில் நூல் கோக்கும் துளை. கடலில் உருண்டு ஓரம் மழுங்கி, மேலே பனிபடர்ந்தது போல இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால்தான் உள்ளே இருக்கும் நீலம் தெரியும். இவை டச்சு வணிகத்தோடு வந்த மணிகள். தீவில் இரண்டு நம்பிக்கை. ஒன்று, மணியை நீ கண்டெடுப்பதில்லை, மணிதான் உன்னைக் கண்டெடுக்கும். இரண்டு, அது கிடைத்தவர் எங்கே போனாலும் ஸ்டேஷியாவுக்குத் திரும்பி வருவார். சுற்றுலாக்காரர்கள் இதற்காகவே முத்துக்குளிப்பது மாதிரி மூழ்கித் தேடுகிறார்கள்.

மணி கடலுக்குப் போன கதைதான் முக்கியம். அடிமைகளுக்கு எஜமானர்கள் மணியைக் கூலியாகக் கொடுத்தார்கள், ஒரு ஆண் கல்யாணம் செய்ய இடுப்பைச் சுற்றும் அளவு மணி சேர்க்க வேண்டும், 1863இல் விடுதலை வந்த அன்று எல்லோரும் பாறை உச்சிக்குப் போய் மணிகளைக் கடலில் வீசி எறிந்தார்கள் என்பார்கள். இது வாய்வழி வந்தது. அடிமைகள் வாழ்ந்த இடங்களைத் தோண்டும்போது இந்த மணிகள் கிடைக்கின்றன, ஆகவே அவர்கள் கையில் இருந்தது நிச்சயம். கூலி என்ற பகுதியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கூலி கொடுத்தால் அது அடிமைத்தனம் ஆகாது. அந்த ஒரு சொல்லால் கதை எஜமானர்களுக்குச் சௌகரியமாகிவிடுகிறது. வீசி எறிந்த பகுதி நடந்ததோ இல்லையோ, அதைச் சொல்லிவந்தவர்கள் விடுதலை பெற்றவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அவர்கள் அதை எப்படி நினைவு வைத்துக்கொள்ள விரும்பினார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

அடிமைகளைப் பற்றி ஏன் அதிகம் கேள்விப்படுவதில்லை?

பீரங்கிக்கு ஆண்டுதோறும் நவம்பர் 16இல் விழா நடக்கிறது, அதனால் எல்லோருக்கும் தெரிகிறது. கிடங்குகளில் கைமாறிய சரக்கில் மனிதர்களும் உண்டு என்பதைக் கொஞ்சம் தேடித்தான் படிக்க வேண்டும். கீழூருக்கு வடக்கே இருந்த ஆம்ஸ்டர்டாம் கோட்டையில், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தவர்களைப் பிற தீவுகளுக்கு விற்கும்வரை நூற்றுக்கணக்கில் அடைத்துவைத்தார்கள்.

1848இல் பக்கத்து பிரெஞ்சுத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்த செய்தி வந்ததும், இங்கேயும் தாமஸ் டுபெர்சாய் தலைமையில் எழுச்சி நடந்தது. துப்பாக்கியால் அடக்கி, தலைவர்களை இன்னொரு டச்சுத் தீவான குராசாவோவுக்கு நாடு கடத்தினார்கள். அப்புறமும் பதினைந்து வருடம் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1863 ஜூலை 1 அன்று விடுதலை வந்தபோது நஷ்டஈடு போனது எஜமானர்களுக்கு. நெதர்லாந்து அரசு மன்னிப்புக் கேட்டது 2022 டிசம்பரில், அரசர் கேட்டது 2023 ஜூலை 1இல்.

2021இல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பழைய கோல்டன் ராக் தோட்டத்தில், 18ஆம் நூற்றாண்டு இடுகாடு ஒன்று வெளிப்பட்டது. டஜன் கணக்கில் எலும்புக்கூடுகள். அடிமைகளாக இருந்தவர்கள் என்று தெரிந்ததும், எங்கள் முன்னோரை எங்களைக் கேட்காமல் எப்படித் தோண்டலாம் என்று தீவு மக்கள் எதிர்த்தார்கள், தோண்டுவது நின்றது.

கடலுக்குள் மூழ்கிய நகரம் இருக்கிறதா?

பூகம்பத்தில் ஒரே இரவில் மூழ்கியது என்றெல்லாம் படித்திருப்பீர்கள். அப்படி இல்லை. வியாபாரம் போனதும் கிடங்குகள் காலியாகின, செங்கல்லைப் பெயர்த்து விற்றார்கள், மிச்சத்தைப் புயலும் அலையும் கொண்டுபோயின. இப்போது கண்ணாடி மாட்டிக்கொண்டு கரையோரம் நீந்தினால் சுவர் அடித்தளங்கள் தெரியும்.

இப்போது யாருடைய ஆட்சி? என்ன மொழி?

2010 அக்டோபர் 10 முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. 2005 வாக்கெடுப்பில், கலையப்போகும் நெதர்லாந்து ஆண்டிலிஸ் என்ற கரீபியன் டச்சுத் தீவுகளின் கூட்டமைப்பிலேயே தொடரலாம் என்று வாக்களித்த ஒரே தீவு இதுதான். மற்றவர்கள் எல்லாம் கிளம்பிவிட்டதால் அந்த வாக்குக்குப் பலன் இல்லாமல் போனது. 2018இல் நெதர்லாந்து அரசு தீவின் மன்றத்தைக் கலைத்து நிர்வாகத்தைக் கையில் எடுத்தது, 2020இல் மறுபடி தேர்தல் வைத்தது. ஆட்சி டச்சு, தெருவில் ஆங்கிலம், பையில் அமெரிக்க டாலர்.

போனால் எதைப் பார்க்கலாம்?

பக்கத்துத் தீவான சின்ட் மார்ட்டனிலிருந்து சிறு விமானத்தில் இருபது நிமிடம். ஓரன்யே கோட்டை, ஜெபக்கூடம், 1755இல் திறந்த டச்சுத் தேவாலயத்தின் கோபுரம் மூன்றையும் ஒரு காலைப்பொழுதில் நடந்தே பார்த்துவிடலாம். ரோட்னி தங்கியதாகச் சொல்லப்படும் சைமன் டொங்கர் வீடு இப்போது அருங்காட்சியகம். நீல மணியை மூழ்காமல் பார்க்க அதுவே இடம். குவில் எரிமலை சுமார் 600 மீட்டர். உச்சி விளிம்பிலிருந்து வாய்க்குள் இறங்கினால் அடர்ந்த மழைக்காடு, அதில் நம் இலவ மரத்தின் அசுர உருவங்கள். ஏறும் வழியில் சிவந்த வயிறோடு, சாரை போன்ற சின்னப் பாம்பு குறுக்கே போனால் பயப்பட வேண்டாம், அதனால் ஆபத்தில்லை. உலகத்தில் இங்கேயும் பக்கத்து சேபா தீவிலும் மட்டுமே அது இருக்கிறது. மழை பெய்த மறுநாள் பாதை வழுக்கும், அன்று அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு மலையை அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.